பணம் காய்த்த மரமும் அச்சில் இல்லாத நூலும்



"பணம் என்ன மரத்திலா காய்க்கிறது?" என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாத பெற்றோர் நம்மில் யார் இருக்கிறார்கள்? ஆனால், நமது நாட்டில் ஒரு காலத்தில் பணம் மரத்தில்தான் காய்த்தது. கிளந்தானில் காசு வார்ப்போர் உருக்கிய உலோகத்தை அச்சுக்குள் ஊற்றுவார்கள். அது நடு வாய்க்கால் வழியே ஓடிக் கிளை வாய்க்கால்களில் பிரிந்து, வட்டக் குழிகளில் நிறையும். ஆறியபின் அச்சைத் திறந்தால் தண்டும் கிளையுமாக ஒரு சிறு மரம். கிளை நுனிதோறும் காசு. ஒடித்து எடுத்தால் செலவுக்கு ஆயிற்று! 'பித்திஸ்' என்பது அக்காசின் பெயர். ஒடிக்கப்படாத மரங்கள் சில இன்றும் சேகரிப்புகளில் உள்ளன.

இச்செய்தியை நான் அறிய நேர்ந்தது நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தினால்தான். மலாக்கா சுல்தானிய ஆட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "ஐயா, அந்தக் காலத்துக் கடையில் என்ன காசு கொடுத்தார்கள்?" என்று ஒரு மாணவன் கேட்டான். பாடநூல் வணிகத்தைச் சொல்கிறது. வணிகரின் மடியில் இருந்த காசை விரித்துச் சொல்வதில்லை. விடை தேடப் புகுந்தபோது ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் சுட்டிய ஒரு நூலின் பெயர் கண்ணில் பட்டது. வில்லியம் ஷாவும் முகமது காசிம் ஹாஜி அலியும் எழுதி, கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகம் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட 'டின் ஹாட் அண்ட் அனிமல் மணி' என்பதே அது. ஈயத்தால் வார்த்த தொப்பிக் காசும் விலங்குக் காசும் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கிளந்தான் முதலிய வட மாநிலக் காசுகளைப் பற்றி 1971இல் இவ்விருவரே வேறொரு நூலும் எழுதினர். இவை கடைகளில் விற்பனைக்குக் கிடைத்த காலம் என்றோ முடிந்துவிட்டது.

ஈயத்தின் இயல்பு

நூலைத் தேடிய கதைக்கு முன், அதன் பொருள் ஏன் நம் ஊருக்கு உரியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாம் பேச்சில் ஈயம் என்பது 'தீமா' எனப்படும் வெள்ளீயத்தைத்தான். சிலிபினைச் சுற்றிய கிந்தாப் பள்ளத்தாக்கு அதற்கு உலகப் புகழ் பெற்ற மண். ஈயம் 232 பாகை செல்சியசில் உருகிவிடும். செம்பு உருக 1,085 பாகை வேண்டும். எனவே, ஈயத்தை விறகடுப்பில் உருக்கி எளிய அச்சில் வார்த்துவிடலாம்.

தமிழகத்து மரபு வேறு. அங்கே உலோகத்தை முத்திரையிட்டும் அச்சு வைத்து அடித்தும் காசாக்கினார்கள். அதற்கெனக் கைவினைஞரும் கூடமும் இருந்தன. காசடிக்கும் அக்கூடத்திற்கு 'அக்கசாலை' என்று பெயர். பாண்டியரின் கொற்கைக்கு அருகே அக்கசாலை என்னும் பெயருடைய ஊர் இன்றும் உள்ளது. சென்னையின் தங்கசாலைத் தெருவும் நாணயச் சாலையால் பெயர் பெற்றதே.

பதினைந்தாம் நூற்றாண்டில் செங் ஹோவின் கடற்பயணத்தில் சென்ற மா ஹுவான், மலாக்காவில் ஈயக் கட்டிகளே பணமாகப் புழங்கியதை எழுதியுள்ளார். பத்துக் கட்டிகளைப் பிரம்பால் கட்டினால் ஒரு சிறு கட்டு. நாற்பது சேர்ந்தால் பெருங்கட்டு. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க், பழைய காசுகளை விலக்கிப் புதிய ஈயக் காசுகளை வெளியிட்டார். அவற்றை யானைமேல் இருந்து மக்களிடையே இறைத்தவாறு ஊர்வலம் சென்றது. போர்த்துக்கீசியர் 'நினா சத்து' என்று எழுதிய தமிழ் வணிகரின் மகனும் அதில் இடம்பெற்றதாக அல்புகெர்க்கின் வரலாற்றேடு கூறுகிறது. நம் நாட்டு நாணய வரலாற்றின் ஒரு முக்கியமான நாளில் தமிழர் ஒருவர் வீட்டுப் பிள்ளையும் இருந்தான் என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டாமா?

பகாங்கில் தொப்பி வடிவில் 'தம்பாங்' என்னும் காசு வழங்கியது. பேராக்கிலும் சிலாங்கூரிலும் முதலை, ஆமை, யானை போன்ற வடிவங்களில் ஈயத்தை வார்த்தார்கள். இந்த விலங்குகள் உண்மையில் கடைத்தெருவில் புழங்கினவா, சடங்குக்கு உரியனவா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. காரணம் எளிது. எளிதில் வார்க்கப்படுவது எளிதில் உருக்கவும் படும். விலை ஏறியபோது காசு மீண்டும் கட்டியாயிற்று. பொருள் அழிந்த இடத்தில் எழுத்து ஒன்றே சான்று. அந்த எழுத்தும் அரிதாகிவிட்டால் நமக்கு மிஞ்சுவது என்ன?

தேடிய வழி

ஈப்போவின் பழைய புத்தகக் கடைகளில் தொடங்கினேன், கிடைக்கவில்லை. நூலகப் பட்டியல்களைத் துழாவும்போது ஒன்றை உணர்ந்தேன். மலாய்ப் பெயர்களில், தமிழ்ப் பெயர்களைப் போலவே, குடும்பப் பெயர் என்பது இல்லை. ஆகவே ஒரு பட்டியல் 'முகமது' என்றும், மற்றொன்று 'காசிம்' என்றும் வரிசைப்படுத்தியிருக்கும். நூலாசிரியர் பெயர், தலைப்பு, பதிப்பகம் ஆகிய மூன்றாலும் தேடுவதே முறை. உயர்கல்வி பயிலும் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லிக் கொடுங்கள்.

பழைய காசு சேகரிப்போரிடமும் விசாரித்து வந்தேன். எட்டு மாதங்களுக்குப் பின், தைப்பிங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இருப்பதாகத் தெரிந்தது. "விற்க மாட்டேன் தம்பி, உட்கார்ந்து படித்துக்கொள்ளுங்கள்" என்றார் அவர். அது தடித்த நூலன்று. இரண்டு சனிக்கிழமைகள் அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து குறிப்பெடுத்தேன். அவருக்குப் பின் அந்த நூலகம் யாருக்கு என்று கேட்க நா எழவில்லை. அவரே சொன்னார்: "பேரப்பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் இல்லை."

நம் வீட்டு அலமாரி

அவர் சொன்ன அச்சொல்லே இதனை எழுதத் தூண்டியது. அருங்காட்சியகம் வெளியிட்ட நூலே ஐம்பது ஆண்டுகளில் இவ்வளவு அரிதாகிறது என்றால், நம் தோட்டப் பள்ளிகளின் மலர்கள், கோயில் திருவிழாச் சிறப்பிதழ்கள், சங்கங்களின் ஆண்டறிக்கைகள் எந்த அளவுக்கு அழிந்திருக்கும்? தோட்டங்கள் விற்கப்பட்டன, பள்ளிகள் இடம் மாறின. 1985இல் ஈய விலை வீழ்ந்தபின் லம்பங்களும் மூடின. அங்கு உழைத்த நம்மவர் பெயர்கள் பல அந்த மெல்லிய ஏடுகளில் மட்டுமே உள்ளன.

1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம், நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்திற்கு அளிக்கப் பணிக்கிறது. பள்ளி மலர் வெளியிடும் ஆசிரியர்கள் இதனைச் சுமையாகக் கருதாமல் காப்பீடாகக் கருதுதல் வேண்டும். பெற்றோர்களே, பழைய தாள்காரரை அழைக்கும் முன் தாத்தாவின் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். மெலிந்த மலர் ஒன்று இருந்தால் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள்.

என்னைக் கேள்வி கேட்ட மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறான். அவனுக்குப் பின் வந்த வகுப்புகள் களிமண்ணில் அச்சு செய்து, மெழுகை உருக்கி ஊற்றிக் காசு மரம் வார்க்கின்றன. மெழுகை உருக்கும் வேலை மட்டும் ஆசிரியர் கையில் இருக்கட்டும். உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள்.