அமரன் (திரைப்படம், 2024)

மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையை ஒட்டி எடுக்கப்பட்ட தமிழ்ப் போர்த் திரைப்படம். ராஜ்குமார் பெரியசாமி இயக்கினார். கமல்ஹாசனின் ராஜ்கமல் பிலிம்ஸ் இன்டர்நேஷனல், சோனி பிக்சர்ஸுடன் இணைந்து தயாரித்து, 2024 அக்டோபர் 31 அன்று தீபாவளிக்கு வெளியிட்டது. ஷிவ் அரூர், ராகுல் சிங் எழுதிய நூலில் முகுந்த் பற்றி வரும் பகுதியே கதைக்கு அடிப்படை. இசை ஜி. வி. பிரகாஷ் குமார்.

ராஜ்புத் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த முகுந்த், காஷ்மீரில் 44ஆவது ராஷ்டிரிய ரைபிள்ஸ் பிரிவில் பயங்கரவாத எதிர்ப்புப் பணியில் இருந்தார். 2014 ஏப்ரல் 25 அன்று சோபியான் மாவட்டத்துக் காசிபத்ரி கிராமத்தில் நடந்த மோதலில் உயிரிழந்தார். சிப்பாய் விக்ரம் சிங்கும் அதே மோதலில் வீழ்ந்தார். முகுந்துக்கு அசோகச் சக்கர விருது மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது. 2015 குடியரசு நாளில் மனைவி இந்து ரெபெக்கா வர்கீஸ் அதைப் பெற்றுக்கொண்டார்.

படம் இந்துவின் பார்வையில் விரிகிறது. சென்னைக் கல்லூரிக் காதல், திருமணத்துக்கு வீட்டாரின் தயக்கம், தொலைபேசியிலேயே கழியும் மணவாழ்வு ஆகியவற்றுக்குத் துப்பாக்கிச் சண்டைகளுக்கு இணையான இடம் கிடைத்திருக்கிறது. இந்துவாக நடித்த சாய் பல்லவியே படத்தின் உயிர். நகைச்சுவை நாயகனாக அறியப்பட்ட சிவகார்த்திகேயன், முகுந்தாக அடக்கமும் உறுதியும் கொண்ட நடிப்பைத் தந்தார். காஷ்மீர் முஸ்லிம்களைக் காட்டிய விதத்துக்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பும் எழுந்தது.