மென்பொருள் வரையறையில் குறை: விண்கலங்கள் தோல்வியடைந்தது எப்படி?

மென்பொருளின் தேவைகள் தெளிவாக வரையறுக்கப்படாவிட்டால், பிழையின்றி எழுதப்பட்ட நிரலும் தோல்வியடையக்கூடும்.

1998-இல் நாசா அனுப்பிய செவ்வாய் காலநிலை ஆய்வுக்கலத்துக்காக லாக்ஹீட் மார்ட்டின் நிறுவன மென்பொருள் பவுண்ட் அலகில் தரவு வழங்கியது. நாசா குழு அதை நியூட்டன் அலகாகக் கொண்டு கணக்கிட்டதால், கலம் பாதை மாறி அழிந்தது.

2019 செப்டம்பர் 7-ஆம் தேதி நிலவில் தரையிறங்க முயன்ற சந்திரயான்-2 லேண்டரின் எஞ்சின்கள், எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை அளித்தன. அதனால் ஏற்பட்ட விலகலைச் சரிசெய்ய லேண்டர் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. அத்தகைய நிலையை எதிர்பார்க்காததால், திரும்பும் வேகத்துக்கு மென்பொருளில் வரம்பு விதிக்கப்பட்டிருந்ததாக, அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் 2023-இல் விளக்கினார்.

இதையடுத்து, எவையெல்லாம் தவறக்கூடும் என்பதை முன்னரே ஆராய்ந்து சந்திரயான்-3 வடிவமைக்கப்பட்டது. அது 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி வெற்றிகரமாகத் தரையிறங்கியது.