ஓப்பன்-தமிழ்: செயற்கூறுகளின் பெயர்கள்

"திருகோணமலை" என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று பைத்தான் கணினிமொழியின் 'லென்' செயற்கூற்றிடம் கேட்டால் 10 என்று விடை தரும். திருமலைப் பள்ளிக்கூடப் பிள்ளையோ 6 என்று சொல்லும். 'லென்' எண்ணுவது யுனிகோட் குறிகளை. 'தி'யில் தகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று. 'கோ'வின் ஓகாரக் குறியை இரு துண்டாகத் தட்டச்சிட்டிருந்தால் 11கூட வரும். பிள்ளையின் கணக்கைத் தருவது முத்து அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நூலகத்தின் 'கெட்_லெட்டர்ஸ்'. எழுத்தை எடுத்துத் தருகிறது, பெயரும் அதையே சொல்கிறது.

எல்லாப் பெயர்களும் அப்படி அமையவில்லை. 'உயிர்_லெட்டர்ஸ்', 'அகரம்_லெட்டர்ஸ்' என்று இலக்கணச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டது நல்ல முடிவு. 'வவல்' என்று எழுதியிருந்தால் மெய், உயிர்மெய்க்கு எங்கே போவது? ஆனால் மெய்யையும் உயிரையும் பிரிக்கும் 'ஸ்ப்ளிட்மெய்உயிர்' அடிக்கோடில்லாமல், இடையிடையே பெரிய ரோமன் எழுத்து வைத்து எழுதப்படுகிறது. சிற்றெழுத்தும் அடிக்கோடும் போதும் என்று பைத்தானின் பெப்-8 வழிகாட்டி 2001 முதலே சொல்லிவருகிறது.

இலங்கை வாசகருக்கு உறுத்துவது வேறொன்று. எண்ணைச் சொல்லாக்கும் 'நம்2தமிழ்எஸ்டிஆர்' இலட்சம், கோடி என்று எண்ணும். மில்லியன், பில்லியன் வேண்டுமென்றால் அதே பெயரின் பின்னால் 'அமெரிக்கன்' என்று சேர்த்து அழைக்க வேண்டும். 'மில்லியன் ரூபா' என்பது கொழும்பு முதல் திருமலைத் துறைமுகம் வரை தமிழ்ப் பத்திரிகைகள் அன்றாடம் அச்சிடும் வழக்கு; அதில் அமெரிக்கா எங்கே வந்தது? 'மில்லியன்' என்றே பெயரிட்டிருக்கலாம். இப்போது மாற்றினால் பழைய பெயரை நம்பி எழுதிய செய்நிரல்கள் நின்றுவிடும். பழையதையும் சேர்த்தே வைத்திருப்பதுதான் வழக்கமான பரிகாரம்.

ஊர்ப்பெயர் எப்போதும் பிழையாகிவிடாது. ரோமன் எழுத்தைத் தமிழாக்கும் அட்டவணைகளில் ஒன்றின் பெயர் 'ஜாஃப்னா'. பல அட்டவணைகள் இருக்கும் இடத்தில் அது ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

2008இல் வந்த பைத்தான் 3இல் செயற்கூற்றின் பெயரைத் தமிழிலேயே எழுதலாம். ஆயினும் இந்த நூலகத்தின் பெயர்கள் ரோமன் எழுத்தில்தான் இருக்கின்றன. அதனால் தமிழ் விசைப்பலகை இல்லாதவரும் அழைக்கலாம். முத்து அண்ணாமலையே உருவாக்கிய எழில் கணினிமொழி எதிர்த்திசையில் போனது: அங்கே அச்சிட 'பதிப்பி', விடையைத் திருப்பித் தர 'பின்கொடு'.