வேட்டை நாய் கற்பிக்கும் பேணுதல்

தென் தமிழகத்தின் சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் முயல் வேட்டைக்குப் பெயர் பெற்றவை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று அவ்வேட்டைக்கு இடமில்லை. ஆயினும் வேட்டை குறித்து மார்க்கம் வகுத்த ஒழுங்கில் நமக்குப் படிப்பினை உண்டு.

ஏவினால் செல்வது, தடுத்தால் நிற்பது, பிடித்ததைத் தின்னாதிருப்பது: இவையே பயிற்சி பெற்ற நாயின் அடையாளங்கள் என்பர் ஃபிக்ஹு அறிஞர்கள். வேட்டை பற்றி அதீ இப்னு ஹாத்திம் (ரலி) வினவியபோது, பிஸ்மில்லாஹ் கூறி ஏவிய நாய் பிடித்ததை நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். நாய் அதில் தின்றிருந்தால் தடுத்தார்கள். அம்புபட்டுத் தப்பிய பிராணி மறுநாள் கிடைத்து, அதில் அந்த அம்பின் காயம் மட்டுமே இருந்தால் ஆகும். நீரில் வீழ்ந்து கிடந்தால் ஆகாது. அது எதனால் இறந்தது என்பது ஐயமாகிவிடுகிறது.

பசித்த நாயும் பயிற்சியால் வாய் கட்டி நிற்கிறது. ஐயத்துக்குரிய வருவாய் எதிர்ப்படும்போது, கல்வி கற்ற நாம் நிற்கிறோமா?