நல்ல சாமி என்ன விலை கேட்கும்?

கெட்ட சக்திகளோடு ஒப்பந்தம் போடுவது ரொம்ப சுலபம். உலகம் பூராவும் கதைகளில் அது ஒரே மாதிரிதான் இருக்கிறது. 'உன் ஆன்மாவை எழுதிக் கொடு, கேட்டதைத் தருகிறேன்' என்பான் சாத்தான். கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. வட்டி எவ்வளவு என்பது கடைசியில்தான் தெரியும்.

ஆனால், நல்ல சக்தி ஒன்று உங்கள் முன்னால் வந்து நின்றால்? அது என்ன விலை கேட்கும்? இலவசமாகவே கொடுத்துவிடுமா?

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். பகடை, பேப்பர், பென்சில், மீதியெல்லாம் கற்பனை. ஆளுக்கொரு வேஷம். அதில் 'பாலடின்' என்று ஒரு வீரன் உண்டு. தொட்டால் காயம் ஆறும், அப்படியொரு வரம் அவனுக்கு. ஆனால், தெரிந்தே ஒரு தீமை செய்தானோ, போச்சு! வரம் பறிபோய், சாதாரண வாள்வீரனாகிவிடுவான். அவனுடைய தெய்வம் ஆடு கேட்கவில்லை, தங்கம் கேட்கவில்லை. அவனுடைய நடத்தையைக் கேட்டது.

அட, நல்ல கற்பனையாக இருக்கிறதே என்கிறீர்களா? இதே கணக்கை நிஜ மனிதர்களை வைத்து, நிஜமான பசியையும் அடியையும் வைத்துப் போட்டுப் பார்த்த ஊர் ஒன்று நம்மிடம் இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம். காலம், 19-ம் நூற்றாண்டின் முதல் பாதி. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம்.

நான் படித்தது பி.காம். அதனால் எனக்கு எதைப் பார்த்தாலும் பற்று-வரவு போட்டுத்தான் பழக்கம். அந்தக் காலத்து நாஞ்சில் நாட்டில் தெய்வங்களின் பெயரால் என்னென்ன விலை வாங்கப்பட்டது என்று ஒரு பேரேடு போட்டுப் பார்ப்போமா?

முதல் பக்கம், சுசீந்திரம்.

தாணுமாலயன் கோயிலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அகலிகை விவகாரத்தில் கௌதமரின் சாபத்துக்கு ஆளான இந்திரன், இங்கே வந்து கொதிக்கும் நெய்யில் இறங்கித் தூய்மை அடைந்தான் என்பது தலபுராணம். 'சுசி' என்றால் தூய்மை. இந்திரன் தூய்மையான இடம், சுசீந்திரம். கதை அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒழுக்கம் தவறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகளை இந்தக் கோயிலுக்குக் கொண்டுவந்து, கொதிக்கும் நெய்க்குள் கையை விடச் சொன்னார்கள். 'கைமுக்கு' என்று பெயர். பிறகு கையைக் கட்டிவைத்து, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். கை வெந்திருந்தால் குற்றவாளி. இல்லையென்றால் நிரபராதி.

யோசித்துப் பாருங்கள். நெய்க்கு நியாயம் தெரியுமா? பொய் சொன்னவன் கையும் வேகும், நிஜம் சொன்னவன் கையும் வேகும். இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குற்றம் சாட்டியவன் தன் கையை எங்கேயும் விட வேண்டியதில்லை. அவன் பக்கம் செலவே கிடையாது! சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில்தான் இந்த வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி விழுந்தது. அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு முறை வரப்போகிறார்.

அடுத்த பக்கம், ஊர்த் தெய்வங்கள். இசக்கி, சுடலைமாடன் என்று ஊருக்கு ஊர், விளைக்கு விளை குடியிருப்பவர்கள். எளிய ஜனங்களுக்குப் போலீஸும் ஆஸ்பத்திரியும் கோர்ட்டும் இவர்கள்தான். "தாயே, புள்ளைக்குக் காய்ச்ச விடட்டும், கொடைக்கு ஒரு கெடா தாறேன்" என்று வேண்டிக்கொள்வார்கள். கொடுக்கிற விழா என்பதால்தான் அதற்குக் 'கொடை' என்றே பெயர். இந்த உறவில் ஒரு நேர்மை இருக்கிறது. கேட்டதைத் தா, பேசியதைத் தருகிறேன். ஆனால், ஒரு சின்ன விஷயம். விலை கொடுப்பது ஆடு. கொஞ்சம் காசு செலவாகும், கடன்கூட வாங்க வேண்டிவரும், சரி. ஆனால், வேண்டிக்கொண்டவன் மாற வேண்டிய அவசியம் இல்லை. போன வருஷம் எப்படி இருந்தானோ, இந்த வருஷமும் அப்படியே இருக்கலாம்.

மூன்றாவது பக்கம்தான் கனமான பக்கம், அரசாங்கம். அதை ஏன் தெய்வக் கணக்கில் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். 1750-ல் மார்த்தாண்ட வர்மா தன் ராஜ்யத்தையே பத்மநாபசாமிக்கு எழுதிவைத்துவிட்டார். அதன் பிறகு வந்த மகாராஜாக்கள் எல்லோரும் 'பத்மநாபதாசர்'கள். சட்டப்படி முதலாளி சாமி, மகாராஜா அவருடைய மேனேஜர்! ஆக, இங்கே வாங்கிய வரி எல்லாம் சாமி கணக்கில்தான் வரவு. பனை ஏறும் ஏணிக்கு ஏணிக்காணம், காலில் மாட்டும் தளைக்குத் தளைக்காணம். தலைக்கு ஒரு வரி, அது 1815-ல்தான் நீக்கப்பட்டது. கூலியில்லாத ஊழியம். இதற்கு மேல் இன்னார் இடுப்புக்கு மேலே துணி போடக்கூடாது, இன்னார் தலையில் முண்டாசு கட்டக்கூடாது, இன்னார் இத்தனை அடி தள்ளித்தான் நிற்க வேண்டும் என்ற விதிகள். கொடுப்பவன் மேலும் மேலும் குனிய வேண்டும், அதுதான் இந்தப் பக்கத்தின் கணக்கு.

இந்த மூன்று பக்கங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு நாலாவதாக ஒரு பக்கம் எழுத ஆரம்பித்தார் ஒருவர்.

1809-ல் இன்றைய சாமித்தோப்பில், பனையேறும் குடும்பங்கள் வாழ்ந்த பகுதியில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். 'உங்களுக்கெல்லாம் முடியா?' என்று மேல்சாதியினர் ஆட்சேபித்ததால் முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டி வந்தது என்பார்கள். பெயர் வைப்பதற்குக்கூட விலை! இளவயதில் கடுமையான நோய். 1833-ல் தாயார் அவரைத் திருச்செந்தூர் அழைத்துப் போனார். அங்கே கடலுக்குள் போனவர் மூன்றாம் நாள் வைகுண்டராகத் திரும்பி வந்தார் என்பது அவரை வழிபடுபவர்களின் நம்பிக்கை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நமக்கு வேண்டியது, அதற்குப் பிறகு அவர் போட்ட விலைப்பட்டியல்.

சாமித்தோப்புக்குக் கூட்டம் வந்தது. தண்ணீரும் மண்ணும் கொடுத்து நோய் தீர்க்கிறார் என்று பேச்சு. வந்தவர்கள் வழக்கப்படி கேட்டிருப்பார்கள், "அய்யா, நாங்க என்ன செய்யணும்?"

காணிக்கை வேண்டாம். காவடி வேண்டாம். ஆடு கோழி வெட்ட வேண்டாம்.

கேட்க எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது! எல்லாம் இலவசம். ஆனால், கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். பரம்பரை பரம்பரையாக உன்னைக் காத்த சுடலைக்கு இனிமேல் படையல் போடாதே என்றால், அது இலவசமா? ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் பேரம் பேசுவாய்? பேரம் பேசும் இடத்தையே மூடிவிட்டார் மனிதர். அதுதான் முதல் விலை.

இரண்டாவது, தலைப்பாகை. ஆண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் வழிபட வர வேண்டும். சுமை தூக்கச் சும்மாடு கட்டிய தலைக்கு மரியாதைக்கு ஒரு முண்டாசு. வாங்கக் காசு அதிகம் ஆகாது. ஆனால், அதோடு தெருவில் நடந்து போனால் அடி விழும் காலம் அது. கௌரவத்தைக் கும்பிட்டு வாங்க முடியாது, முதுகைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று அந்த ஜனங்களுக்குத் தெரியாதா என்ன?

மூன்றாவது, முத்திரிக்கிணறு. எந்தச் சாதியானாலும் ஒரே கிணற்றில் தண்ணீர், ஒரே பந்தியில் சாப்பாடு. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மேலே இருப்பவனிடம் உரிமை கேட்பது சுலபம். தனக்குக் கீழே இருப்பதாக நினைக்கிறவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் கஷ்டம். மிதிபட்ட சாதிக்குள்ளும் அந்த ஏணி இருந்தது. ஏணிக்காணம் கட்டி அழுதவனிடம், 'நீ நிற்கிற ஏணியையும் விட்டு இறங்கு' என்றார்.

நாலாவதுதான் எல்லாவற்றிலும் கடினம், துவையல் தவசு. சுமார் 700 குடும்பங்கள் ஊரை விட்டுக் கிளம்பிக் கடற்கரையில் வாகைப்பதிக்குப் போனார்கள். பிறகு முட்டப்பதிக்கு. ஆண், பெண், குழந்தைகள் எல்லோரும். கடலில் குளித்து, துணியைத் துவைத்துச் சுத்தமாக உடுத்தி, ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு, வழிபாடு. மாதக்கணக்கில்! பனை ஏறினால்தான் அடுப்பு எரியும் குடும்பங்கள் இவை. பதநீர் இறக்காத ஒவ்வொரு நாளும் நஷ்டம். 'அழுக்கு ஜனங்கள்' என்று தள்ளிவைக்கப்பட்டவர்கள், தாங்களே தங்களுக்கு ஒரு ஒழுங்கை விதித்துக்கொண்டு சேர்ந்து வாழ்ந்து பார்த்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி கேட்காமல் போனால் அது நேர்மை இல்லை. பெரியவர்கள் சரி, அந்தக் குழந்தைகள்? ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அவர்களா சம்மதம் சொன்னார்கள்? கருணையுள்ள ஒரு சக்தி, பசியை ஒரு குழந்தையிடம் கேட்கலாமா? ஊரில் இருந்திருந்தாலும் அந்தக் குழந்தைகளுக்கு மூன்று வேளை கிடைத்திருக்காது என்று பதில் சொல்லலாம். அது முழுப் பதில் ஆகாது. எந்த நல்ல காரியத்தின் கணக்கிலும் இப்படிப் பைசல் ஆகாத ஒரு வரி நின்றுவிடும். அதை அடித்துவிட்டு எழுதினால் அது கணக்கு இல்லை, விளம்பரம்.

ஆனால், ஒன்று சொல்ல வேண்டும். விலை கேட்டவர் தானும் கட்டினார். வைகுண்டர் ஊரில் ஆண்டுக்கணக்கில் கடுந்தவம் இருந்தவர். இவ்வளவு ஜனம் ஓரிடத்தில் கூடுவதை சமஸ்தானம் சும்மா பார்க்குமா? கைது செய்து, நடத்தியே திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்தார்கள். 1839-ல்தான் விடுதலை. துவையல் தவசுக்கு ஜனங்களை அனுப்பியது அதற்கும் பிறகு. மேலே வெந்து காட்டு, பிறகு அடுத்தவனைக் கேள் என்பது போல!

கைது செய்த மகாராஜா யார் தெரியுமா? அதே சுவாதித் திருநாள். கொதிக்கும் நெய்யிலிருந்து நம்பூதிரிகளின் கையை எடுத்துவிட்ட அதே கருணைக் கை. கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. சங்கீதம் தெரிந்தவர், பல சீர்திருத்தங்கள் செய்தவர். ஆனால், கருணை மேலிருந்து கீழே சொட்டினால் அரசாங்கத்துக்குப் பிடிக்கும். கீழே இருப்பவன் தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு நிமிர்ந்தால், அது சட்டம் ஒழுங்குப் பிரச்னை!

வைகுண்டர் 1851-ல் மறைந்தார். அவருடைய சீடர் எழுதிய 'அகிலத்திரட்டு அம்மானை' 1841-ல் உருவானது. அச்சில் வந்தது 1939-ல். அடிமைமுறை திருவிதாங்கூரில் 1855-ல் ஒழிக்கப்பட்டது. நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கு மகாராஜா உத்தரவு போட்டது 1859-ல். அதன் பின்னால் லண்டன் மிஷனரிகள், மதராஸ் கவர்னர், அடிபட்ட பெண்கள் என்று இன்னொரு பெரிய வரலாறு இருக்கிறது. எல்லாம் ஒருவரால் வந்தது என்று எழுதினால் வரலாறு மன்னிக்காது. ஆனால், குனிந்தே பழகிய ஒரு கூட்டம், நிமிர்வதற்கான விலையைத் தன் கையால் கட்டிப் பார்த்த இடங்களில் சாமித்தோப்பும் ஒன்று.

இதெல்லாம் பழங்கதை, எனக்கு எதற்கு என்கிறீர்களா? உங்களிடமும் தினம் யாராவது விலை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆசிரமம் வைத்திருப்பவர் கேட்கிறார், கட்சித் தலைவர் கேட்கிறார், 'உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்' என்று முதலாளி கேட்கிறார். எல்லோரும் நல்லவர்களாகத்தான் தெரிவார்கள். அடுத்த முறை பர்ஸைத் திறப்பதற்கு முன்னால் மூன்றே மூன்று விஷயம் பாருங்கள். கேட்கிறவரும் அதே விலையைக் கட்டியிருக்கிறாரா? கட்டியது யார் பெட்டிக்குப் போகிறது? கட்டி முடித்த பிறகு நீங்கள் நிமிர்ந்திருக்கிறீர்களா, குனிந்திருக்கிறீர்களா?

நாகர்கோவில் பக்கம் போனால் சாமித்தோப்புக்கும் ஒரு நடை போய் வாருங்கள். மாசி 20-ம் தேதி என்றால் விசேஷம், மாவட்டத்துக்கே விடுமுறை. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டும். கருவறையில் சிலையைத் தேடாதீர்கள், இருக்காது. கண்ணாடி இருக்கும். அதில் முண்டாசு கட்டிய ஓர் ஆள் தெரிவார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினீர்களா என்று அவரிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆடு கோழி காட்டி அவரைச் சமாளிக்க முடியாது!