வளர்ப்புப் பாம்பின் நோய் அறிதல்

புலம்பெயர்ந்த வீடுகளில் பிள்ளைகள் முதலில் நாய் கேட்கிறார்கள். அது முடியாது என்றால் பூனை. சில வீடுகளில் இப்போது பாம்பு கேட்கிறார்கள். கேட்பதோடு நில்லாமல் வாங்கியும் விடுகிறார்கள். புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டுத் தள்ளி நின்றே பழகிய பெற்றோருக்கு, படுக்கையறையில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு பாம்பு சுருண்டு கிடப்பது எளிதில் பழகும் காட்சியல்ல. எல்லா நாட்டிலும் இது நடக்காது. சிங்கப்பூரில் பாம்பு வளர்ப்பது சட்டவிரோதம். நியூசிலாந்தில் மிருகக்காட்சிசாலையில்கூடப் பாம்பு கிடையாது. இந்தியாவில் உள்நாட்டுப் பாம்புகளை வைத்திருப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. ஆனால் பிரிட்டன், ஜெர்மனி, கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் பல பகுதிகளில் இது சாதாரண விஷயம்.

அந்நாடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுபவை இரண்டு. ஒன்று அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கார்ன் ஸ்நேக், அதாவது சோளப்பாம்பு. மற்றது கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த பால் பைத்தான். இங்கே 'பால்' என்பது பந்து. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் வந்த பெயர். (நாம் ஊற்றும் பாலை இரண்டுமே உணவாகக் கொள்வதில்லை. தாகத்தில் தவிக்கும் பாம்பு எதையும் குடிக்கும், அவ்வளவுதான்.) நன்றாகப் பார்த்துக்கொண்டால் இவை இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961இல் வந்து சேர்ந்த ஒரு பெண் பால் பைத்தான் 2020இல் முட்டையிட்டது. அப்போது அதன் வயது குறைந்தது 62 என்று கணித்தார்கள். பத்து வயதில் பாம்பு கேட்கும் பிள்ளை கல்லூரிக்குப் போன பின்னும் அந்தப் பாம்பு வீட்டில் இருக்கும். அதைக் கவனிப்பது அப்பா அம்மா தலையில்தான் விழும் என்பதால் இக்கட்டுரை அவர்களுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

பாம்பின் நோயை அறிவதில் உள்ள முதல் இடர், அது நோயைக் காட்டுவதில்லை என்பதே. நாய் முனகும், பூனை மூலையில் போய் ஒடுங்கும். பாம்புக்குக் குரலில்லை, இமையில்லை, முகத்தில் உணர்ச்சி காட்டும் தசைகளும் இல்லை. நலமாக இருக்கும்போதே நாள் முழுதும் அசையாமல் கிடக்கும் பிராணி அது. வேட்டையாடும் விலங்கு என்றாலும், காட்டில் பருந்துக்கும் கீரிக்கும் இரையாவதும் அதுவே. தளர்ச்சியை வெளியே காட்டும் பாம்பு அங்கே நெடுநாள் தங்காது. ஆகவே நம் கண்ணுக்கு நோய் தெரியும் நாளில் அது பெரும்பாலும் வாரக்கணக்கில் முற்றியிருக்கும். பாம்பைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பதைவிட, அதன் பழக்கங்களை எழுதி வைத்து அந்த வரிசை எங்கே பிறழ்கிறது என்று பார்ப்பதே உறுதியான வழி.

இதற்கு ஒரு பள்ளிக்கூட நோட்டும் சமையலறைத் தராசும் போதும். இரை கொடுத்த நாள், தின்றதா மறுத்ததா, எச்சம் இட்ட நாள், சட்டை உரித்த நாள், மாதம் ஒருமுறை எடை. பாம்பின் எச்சத்தில் கரும்பழுப்புப் பகுதியும் சுண்ணாம்புபோல் வெண்மையான பகுதியும் சேர்ந்திருக்கும். வெண்மை என்பது அதன் சிறுநீர்க் கழிவு. எச்சம் தொடர்ந்து நீர்த்துப்போவது, சளியோ இரத்தமோ கலப்பது, துர்நாற்றம் திடீரென மிகுவது ஆகியவை குறித்துக்கொள்ள வேண்டியவை. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் வேறு அறிகுறி எதுவும் தென்படாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

நோயல்லாத சிலவற்றை நோயென்று எண்ணிப் பதறுவதும் உண்டு. சட்டை உரிக்கும் முன் உடல் மங்கி, கண்கள் நீலம் பாய்ந்து பால்போல் கலங்கும். முதன்முறை பார்ப்பவர்கள் பாம்புக்குக் குருடு வந்துவிட்டதென்றே நினைப்பார்கள். சில நாளில் தெளிந்துவிடும்; பிறகு சட்டை கழலும். அந்த நாட்களில் அது சாப்பிடாது, சீறும், தொடவிடாது. பால் பைத்தான் குளிர்காலத்திலும் இனப்பெருக்கப் பருவத்திலும் மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது இயல்பு. எடை குறையாமல், கண் தெளிவாக, நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பட்டினியைப் பொறுத்துக்கொள்ளலாம். சோளப்பாம்பு அப்படியல்ல. பசி மிகுந்த அந்த இனம் இரண்டு மூன்று இரையைத் தொடர்ந்து மறுத்தால் காரணம் தேட வேண்டும்.

முதலில் வெப்பமானி

ஐயம் எழுந்தவுடன் பார்க்க வேண்டியது பாம்பை அல்ல, தொட்டியின் வெப்பத்தை. பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்குவதில்லை. செரிமானமும், காயம் ஆறுவதும், கிருமியை எதிர்க்கும் ஆற்றலும் சூழலின் வெப்பத்தைப் பொறுத்தவை. 1970களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ க்ளூகரும் அவருடன் பணியாற்றியவர்களும் பாலைவன இகுவானா என்ற பல்லியினத்துக்குக் கிருமியை ஊசிமூலம் செலுத்திப் பார்த்தார்கள். தொற்றுக்கு ஆளான பல்லிகள் வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போயின. அதாவது காய்ச்சலைத் தாமே உண்டாக்கிக்கொண்டன. 1975இல் வெளியான அடுத்த சோதனையில், 34 பாகை செல்சியஸில் அடைத்து வைக்கப்பட்டவை மடிந்தன; 42 பாகையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. சோதனை பல்லியில் நடந்ததே ஆயினும் ஊர்வன மருத்துவம் முழுதும் இந்தப் பாடம் ஓடுகிறது. குளிர்ந்த தொட்டியில் உள்ள பாம்புக்குக் காய்ச்சல் வரவும் வழியில்லை, மருந்து வேலை செய்யவும் வழியில்லை.

பால் பைத்தானுக்குத் தொட்டியின் ஒரு முனை 31 முதல் 33 பாகை வரையும் மறுமுனை 25, 26 பாகை அளவிலும் இருக்க வேண்டும். சோளப்பாம்புக்குச் சூடான முனை 29, 30 பாகை போதும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானிகளை நம்ப வேண்டாம். உணர்முனையைப் பாம்பு படுக்கும் இடத்திலேயே வைக்கும் டிஜிட்டல் வெப்பமானி மலிவாகவே கிடைக்கிறது. சூடேற்றும் பட்டைக்கும் விளக்குக்கும் தெர்மோஸ்டாட் கட்டாயம். ஏனென்றால் பாம்பு தன் வயிறு வெந்துபோகும் அளவு சூட்டின்மேலும் நகராமல் படுத்திருக்கும். அடிவயிற்றுத் தீக்காயம் மருத்துவர்கள் அடிக்கடி காண்பது. அது நோயே அல்ல, கவனக்குறைவு.

மூச்சு

வளர்ப்புப் பாம்புகளில், குறிப்பாகப் பைத்தான்களில், அடிக்கடி வருவதும் அடிக்கடி காலம் கடந்து கவனிக்கப்படுவதும் சுவாசத் தொற்று. பாம்புக்கு உதரவிதானம் இல்லை. அதனால் நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. நீண்டு குறுகிய நுரையீரலின் அடியில் சளி தேங்கிக்கொண்டே போகும். தலையை உயர்த்திக் கண்ணாடியில் சாய்த்து வைத்துக்கொண்டிருப்பது, மூச்சு விடும்போது 'கிளிக்' என்றோ சீழ்க்கைபோலவோ ஒலி, மூக்குத்துளையில் குமிழி, வாயோரத்தில் நூல்போல் இழுபடும் உமிழ்நீர் ஆகியவை அறிகுறிகள். சட்டை உரிக்கும் நாட்களில் மூக்கில் தோல் ஒட்டிக்கொண்டு மெல்லிய சீழ்க்கை வருவதுண்டு. சட்டை கழன்றதும் அது நின்றுவிடும். ஆனால் வாயைத் திறந்து மூச்சு விடும் பாம்புக்கு அன்றைக்கே மருத்துவர் வேண்டும். காத்திருந்து பார்க்கும் கட்டம் கடந்துவிட்டது என்று பொருள்.

முன்பெல்லாம் இதைக் குளிரும் ஈரமும் தந்த பாக்டீரியா நோய் என்றே சொல்லி முடித்துவிடுவார்கள். 2014இல் பால் பைத்தான்களில் நிடோவைரஸ் என்ற வகையைக் கண்டறிந்தார்கள். அதுவே இந்நோயை உண்டாக்க வல்லது என்பது 2018இல் சோதனை மூலம் உறுதியாயிற்று. ஆகவே ஒரு முறை ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி வரும் பைத்தானுக்கு வைரஸ் பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது நல்லது. வீட்டில் வேறு பாம்புகள் இருந்தால் இது மேலும் அவசியம்.

தோல், வாய், வயிறு

நலமான பாம்பின் சட்டை மூக்கிலிருந்து வால்நுனி வரை ஒரே துண்டாகக் காலுறைபோல் உட்புறம் வெளியே திரும்பிக் கழலும். துண்டு துண்டாக உரிந்தால் ஈரப்பதம் போதவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். ஈரப்பாசி வைத்த ஒரு பெட்டியைத் தொட்டிக்குள் வைத்தால் சரியாகும். உரிந்த சட்டையில் கண்ணின் இரு வட்டங்களும் வால்நுனியும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். கண்மேல் தங்கிய தோலை நகத்தாலோ இடுக்கியாலோ பிய்க்கக் கூடாது. அதனடியில் உள்ள கண்ணாடிச் செதிலும் சேர்ந்து வந்தால் கண் போய்விடும்.

எப்போதும் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கும் பாம்பைச் சிற்றுண்ணிக்காகச் சோதிக்க வேண்டும். தாடைக்கு அடியிலும் கண்ணோரத்திலும் மிளகுத் தூள்போல் கரும்புள்ளிகள் தெரியும்; வெள்ளைக் காகிதத்தால் உடலைத் துடைத்தால் அவை ஒட்டிக்கொண்டு வரும். நாய்க்கும் செடிக்கும் அடிக்கும் பூச்சிமருந்தைப் பாம்பின்மேல் அடித்துக் கொன்றவர்கள் உண்டு. மருந்தை மருத்துவர் சொல்ல வேண்டும். தொட்டியில் பரப்பிய மரத்துகள் முழுவதையும் எறிந்துவிட்டு வெறும் காகிதம் விரிப்பது நம் பங்கு.

ஈறு சிவந்து, தயிர்போல் சீழ் படிந்து, வாய் முழுதாக மூடாமல் இருந்தால் அது வாய்ப்புண். இதையும் தள்ளிப்போடலாகாது, தாடை எலும்புக்குப் பரவும்.

இரையைக் கக்குவது ஒருமுறை நடந்தால் பெரும்பாலும் நம் தவறு: இரை பெரிது, தொட்டி குளிர், அல்லது தின்ற இரண்டு நாளுக்குள் பிள்ளை அதைத் தூக்கி விளையாடியது. கக்கிய பாம்புக்கு மறுநாளே இன்னொரு எலியைக் கொடுக்கக் கூடாது. பத்துப் பதினைந்து நாள் விட்டு, முன்னதில் பாதி அளவுள்ள இரையைக் கொடுக்க வேண்டும். திரும்பத் திரும்பக் கக்கி, உடலின் நடுப்பகுதியும் வீங்கியிருந்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இரைப்பையைத் தடிக்கச் செய்திருக்கலாம். நம்பத்தக்க தீர்வு இல்லாத நோய் இது.

வானம் பார்க்கும் பாம்பு

தலையை மேல்நோக்கி முறுக்கி வானத்தைப் பார்ப்பதுபோல் வைத்திருப்பது, மல்லாத்தினால் திரும்பிக் கவிழ முடியாமல் தவிப்பது, குறி தவறிக் கடிப்பது ஆகியவை நரம்புக் கோளாறின் அறிகுறிகள். கடும் சூடும், தலையில் அடியும், பூச்சிமருந்தும் இதை உண்டாக்கலாம். 'ஸ்பைடர்' என்ற நிறவகைப் பால் பைத்தான்கள் பிறவியிலேயே தலை ஆட்டுகின்றன; உட்காதின் அமைப்புக் குறையே காரணம். அழகுக்காக இந்தக் குறையைத் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கி விற்பது எனக்கு உவப்பானதல்ல.

ஆனால் போவா வளர்ப்பவர்கள் அஞ்சுவது வேறொன்று. உயிரணுக்களுக்குள் புரதக் கட்டிகள் சேரும் இந்நோய் 1970களிலிருந்தே அறியப்பட்டது. ஆங்கிலச் சுருக்கம் ஐ.பி.டி. காரணம் நெடுநாள் தெரியவில்லை. தன் போவாவுக்கு இந்நோயோ என்று அஞ்சிய ஒரு பெண்மணி, சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜோசப் டெரிசிக்கு எழுதி உதவி கேட்டார். அவ்வூர் ஸ்டைன்ஹார்ட் நீர்வாழ் காட்சியகத்தின் பாம்புகளிலும் நோய் தோன்றியிருந்தது. டெரிசியின் ஆய்வகம் நோயுற்ற பாம்புகளின் மரபணுத் தொடர்களை ஆராய்ந்து, அதுவரை பாலூட்டிகளில் மட்டுமே அறியப்பட்டிருந்த அரீனாவைரஸ் குடும்பத்தின் புதிய உறுப்பினர்களை 2012இல் வெளிப்படுத்தியது. லாசா காய்ச்சலின் வைரஸும் அதே குடும்பம். எனினும் பாம்பின் இவ்வகை மனிதருக்குத் தொற்றியதாக அறியப்படவில்லை.

போவா ஆண்டுக்கணக்கில் வெளியே ஒன்றும் தெரியாமல் இதைச் சுமக்கும். அதே அறையில் உள்ள பைத்தானுக்குத் தொற்றினால் சில வாரங்களில் நரம்பு தளர்ந்து மடிந்துவிடும். மருந்தில்லை. இரத்தப் பரிசோதனையில் உறுதியாகி, பாம்பும் துன்புறுகிறதென்றால், வலியின்றி உயிர் போக்குவதை மருத்துவர் பரிந்துரைப்பார். பாம்புதானே என்று சிலர் இதை எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பிள்ளைக்கு அப்படி இராது. இந்த முடிவில் அதையும் உட்கார வைத்துப் பேசுவதே முறை. புதிதாக வரும் பாம்பை மூன்று மாதமாவது வேறு அறையில், வேறு கிண்ணம் வேறு இடுக்கியோடு தனியே வைக்கச் சொல்வது இதனால்தான்.

மருத்துவரிடம்

எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பைப் பார்ப்பதில்லை. ஏ.ஆர்.ஏ.வி. என்று சுருக்கமாக அறியப்படும் ஊர்வன மருத்துவர்களின் சங்கம் தன் உறுப்பினர் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. பாம்பு நலமாக இருக்கும்போதே ஒரு பெயரைக் குறித்து வையுங்கள். மூச்சுத் திணறல், நரம்புக் கோளாறு, தீக்காயம், கழிவுத்துளை வழியே குடல் வெளித்தள்ளல், முட்டையிட முடியாமல் முக்குதல் ஆகிய ஐந்துக்கும் அன்றே போக வேண்டும். குடல் வெளியே வந்திருந்தால் ஈரத்துணியால் மூடிக் காயாமல் கொண்டுபோக வேண்டும். பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சிட்டு, அதை மூடிய பெட்டியில் வையுங்கள். குளிர்நாட்டில் கார் முன்கூட்டியே சூடாகியிருக்கட்டும். நோட்டு, கடைசிச் சட்டை, புதிய எச்சம், தொட்டியின் புகைப்படம் நான்கும் உடன் போகட்டும்.

ஊசி மருந்து பலவற்றைப் பாம்புக்கு மூன்று நாளுக்கு ஒருமுறையே போடுவார்கள். அதன் உடல் மருந்தை அவ்வளவு மெதுவாகக் கழிக்கிறது. நமக்குத் தந்த மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பதும், வாயைத் திறந்து இரையைத் திணிப்பதும் வேண்டாம். மஞ்சளும் வேப்பெண்ணெயும் நமக்கு நம்பிக்கையானவைதாம்; பாம்பின் புண்ணுக்கு அவற்றை மருத்துவரைக் கேட்காமல் பூசாதீர்கள். நலமான பாம்பும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். தொட்ட பின் சோப்பால் கை கழுவ வேண்டும்; சமையலறைத் தொட்டியில் அதன் கிண்ணத்தைக் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையோ நோயெதிர்ப்பு குன்றிய பெரியவரோ உள்ள வீட்டுக்குப் பாம்பு ஏற்றதல்ல.

காரணம் தெரியாமல் பாம்பு இறந்துவிட்டால், மற்றவை இருக்கும் வீட்டில் உடற்கூறு ஆய்வு செய்துவிடுவது நல்லது. உடலைப் பையில் சுற்றிக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து மறுநாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் திசுக்கள் சிதைந்து ஆய்வாளருக்கு அதிகம் தெரியாமல் போகும்.