தாச்சியும் கைத்தொழிற் புரட்சியும்

கைத்தொழிற் புரட்சி எங்கே தொடங்கியது என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் உடனே ஜேம்ஸ் வாட், நீராவி இயந்திரம் என்பார்கள். பரீட்சைக்கு அது போதும். என்னைக் கேட்டால் கறிச்சட்டியிலிருந்து தொடங்குவேன்.

ஆப்ரஹாம் டார்பி இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பித்தளைப் பாத்திரம் செய்தவர். பித்தளை விலை கூட. அதே பானையை இரும்பில் வார்த்தால் ஏழை வீட்டுக்கும் போகும் அல்லவா? 1707இல், களிமண் சேர்க்காமல் வெறும் மணல் அச்சிலேயே இரும்புப் பானை வார்க்கும் முறைக்கு ஆக்கவுரிமை எடுத்தார். 1709இல் கோல்புறூக்டேல் உலையில் மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியைப் போட்டு இரும்பு உருக்கினார்.

இனித்தான் சுவாரசியமே. கல்கரியில் உருக்கிய அந்த இரும்பைக் கொல்லர்கள் விரும்பவில்லை, அடித்து வளைக்கச் சரிவராது. ஆனால் தண்ணீர்போல் ஓடி மெல்லிய அச்சையும் நிரப்பும். பானைக்கு அதுதானே வேண்டும்! ஏறக்குறைய 40 வருடங்கள் அந்தப் புதுமுறையைத் தூக்கி நிறுத்தியது பெரும்பாலும் பானை சட்டி வியாபாரம்தான். நீராவி இயந்திரத்துக்கான உருளைகளும் பிறகு அங்கேயே வார்க்கப்பட்டன. டார்பியின் பேரன் காலத்தில், 1779இல், செவர்ன் ஆற்றுக்கு மேலே வார்ப்பிரும்புப் பாலமே எழுந்தது.

ஐரோப்பாதான் முதல் என்று நினைத்துவிடாதீர்கள். சீனர்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டளவிலேயே இரும்பை வார்த்தவர்கள். நமது தீவும் சும்மா இருக்கவில்லை. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவயில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக்கி 1000 வருடங்களுக்கு முன் உருக்கு எடுத்திருக்கிறார்கள். ஆனால் அது வார்ப்பிரும்பு அல்ல, கொல்லன் அடித்துச் செய்யும் வகை.

இதையெல்லாம் எழுதக் காரணம், ஊரில் பழைய இரும்புக்காரரின் வண்டியில் உம்மம்மாமார் காலத்துத் தாச்சிகள் போவதைப் பார்க்கிறேன். கறல் பிடித்துவிட்டதாம். கறல் ஒரு நோயல்ல! தேங்காய்ப் பொச்சும் மணலும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து, எண்ணெயை மிக மெல்லிதாகப் பூசித் துடைத்து, புகை வரும்வரை சூடாக்குங்கள். இப்படி நாலைந்து தடவை. எண்ணெய் இறுகிக் கறுப்புத் தோலாகப் படியும், அதன் பிறகு முட்டை ஒட்டாது. தேங்காயெண்ணெய் இதற்கு மெதுவாகத்தான் பிடிக்கும், நல்லெண்ணெயோ சோயா எண்ணெயோ நல்லது.

புளி, கொரக்கா போட்ட மீனாணத்தை அதில் இரவு முழுக்க வைக்காதீர்கள், அந்தத் தோலைப் புளி தின்றுவிடும். பாரமான வார்ப்புச் சட்டியாக இருந்தால் இன்னொன்று: சூடாக இருக்கும்போது பச்சைத்தண்ணீர் ஊற்றக் கூடாது. வார்ப்பிரும்பு வளையாது, வெடித்துவிடும். வெடித்ததை ஒட்டித் தர இப்போது ஊரில் ஆள் தேடவேண்டும்.